வினாவும் விடையும்



வேற்று நாடொன்றுக்குச் சென்று, அங்குள்ள மக்களை நேரிற் கண்டு, வளர்ந்த பின் கற்றுக்கொண்ட அவர்களது மொழியிலேயே வினவிச் செய்தி திரட்டும் ஆய்வுமுறையைப் பற்றி இன்று பேச எண்ணியுள்ளேன். சமூகவியலாருக்குரிய இப்பொருளுக்கு இலக்கிய நிகழ்ச்சியில் என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். வினாவும் விடையும் நம் இலக்கண ஆசிரியர்கள் நுணுகி ஆராய்ந்த பொருள்கள். அந்த ஆராய்ச்சியின் பெறுமதியை நான் உணர்ந்தது வகுப்பறையிலன்று, நலன்புரி நிலையமொன்றில்.

2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கி வந்து எமது கரையோரங்களை அழித்த செய்தியை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டில் வெளிநாட்டு ஆய்வாளர் பலர் இங்கு வந்தனர். நான் அப்பொழுது தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற பல்கலைக்கழக மாணவன். ஐரோப்பியப் பெண்மணி ஒருவருக்கு உதவியாளனாக வடமராட்சிக் கரையோரத்துக்குச் சென்றேன். அவருடைய தாய்மொழி ஆங்கிலமன்று. தமிழைத் தமது நாட்டில் இரண்டாண்டுகள் முறையாகக் கற்றிருந்தார். கேள்விகளை அவரே கேட்பார். ஒலிப்பதிவுக் கருவியைக் கவனித்துக்கொள்வதே என் வேலை. இடையிற் குறுக்கிட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதல் நாள், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தாயிடம் பேசினோம். "உங்கள் கணவர் எங்கே?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"அவர் அண்டைக்கே தவறிட்டார், பிள்ளை."

கணவர் அன்று ஏதோ பிழை செய்துவிட்டார் என்று ஆய்வாளர் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதினார். அடுத்து, "அவர் என்ன தவறு செய்தார்?" என்று கேட்டார். அந்தத் தாய் ஆய்வாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசாதிருந்தேன். சொன்ன சொல்லை மீறக் கூடாதென்ற மரியாதை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது கோழைத்தனம்.

பின்னர், "நீங்கள் பழைய இடத்துக்குத் திரும்பிப் போவீர்களா?" என்ற கேள்வி வந்தது. படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பெட்டிகள் இருந்தன. தாய் சொன்னார்: "அலைச்சத்தம் கேட்டால் பேரன் இப்பவும் குளறுறான்." ஆய்வாளர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, 'பதில் இல்லை' என்று எழுதினார். வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாதென்று அரசாங்கம் அறிவித்திருந்த காலம் அது. யார் எங்கே குடியிருப்பது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில், அந்தத் தாய் சொன்னது 'பதில் இல்லை' என்றாகிவிட்டது.

13ஆம் நூற்றாண்டில் எழுந்த நன்னூல் விடையை எட்டாக வகுக்கின்றது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் குறிப்பாற் பொருள் தருவன. அவையும் விடைகளாகவே கொள்ளப்படும். 'ஆடுவாயா?' என்று கேட்டால் 'கால் வலிக்கிறது' என்பது உற்றது உரைத்தல். 'பாடுவேன்' என்பது இனமொழி. பேரனைப் பற்றி அந்தத் தாய் சொன்னது உற்றது உரைத்தலாகும். படிவத்தின் இரண்டு பெட்டிகளும் மறைக்கும் நேருக்கும் மாத்திரமே இடமளித்தன.

இத்தகைய சிக்கலை நன்கறிந்தவர் போலந்து நாட்டவரான மலினோவ்ஸ்கி. இன்று பப்புவா நியூகினியைச் சேர்ந்த ட்ரோபிரியாண்ட் தீவுகளில் 1915க்கும் 1918க்கும் இடையில் இரு தடவைகள் நீண்ட காலம் தங்கி, கிரிவினா மொழியைக் கற்று ஆய்வு செய்தவர் அவர். தாய்மொழி போலிஷ், வினவியது கிரிவினாவில், நூல் எழுதியது ஆங்கிலத்தில். 1922இல் வெளிவந்த 'மேற்குப் பசிபிக்கின் ஆர்கோநோட்டுகள்' என்ற நூலின் முன்னுரையில் அவர் தமது அனுபவத்தை ஒளிக்காமற் சொல்கிறார். தொடக்கத்தில், கேட்டவற்றை உடனுக்குடன் ஆங்கிலத்திற் பெயர்த்தே குறித்துக்கொண்டார். அதனால் பேச்சின் சிறப்பியல்புகள் யாவும் அழிந்துபோவதைக் கண்டார். பின்பு படிப்படியாக, மக்கள் பேசியதைப் பேசியபடி அவர்களது மொழியிலேயே எழுதலானார்.

இதிலுள்ள நன்மை யாது? உடனே மொழிபெயர்த்து எழுதினால், நாம் விளங்கிக்கொண்டது மாத்திரமே தாளில் நிற்கும். விளங்கிக்கொண்டது பிழையாயின் அதைக் கண்டுபிடிக்க வழியே இராது. பேசியபடி எழுதினாலோ, இன்று விளங்காதது நாளை விளங்கலாம். நமக்கு விளங்காதது பிறருக்கு விளங்கலாம்.

1923இல் எழுதிய கட்டுரையொன்றில் மலினோவ்ஸ்கி வேறொன்றையும் எடுத்துக்காட்டினார். செய்தி சொல்வதற்காகவன்றி, மனிதர் ஒருவரோடொருவர் உறவைப் பேணுவதற்காகவே பேசும் பேச்சும் உண்டு என்பதே அது. எங்கள் ஊரில் கதை கேட்பவர் இடையிடையே "ஓம், ஓம்" என்பார். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே அதன் பொருள். எங்கள் ஆய்வாளர் அதனைச் சம்மதமாகக் கொண்டு, பல படிவங்களில் 'ஆம்' என்ற பெட்டியில் அடையாளமிட்டிருந்தார்.

அன்றிரவு என் மனம் ஆறவில்லை. 'தவறிட்டார்' என்றால் இறந்துவிட்டார் என்று அவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு ஒலிப்பதிவை முதலிலிருந்து போடச் சொன்னார். கேட்டதை அப்படியே, ஊர்ப்பேச்சிலேயே, நான் எழுதிக்கொடுத்தேன். மறுநாட் காலை இருவரும் அந்தத் தாயிடம் சென்றோம். ஆய்வாளர் தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டார்.

"பிழையில்லை, பிள்ளை. விளங்காட்டித் திரும்பிக் கேக்கிறதுதானே. தம்பியும் பக்கத்திலதானே இருந்தவர்" என்றார் தாய்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குரியது.

ஆய்வாளருக்கு எவ்வளவு மொழியறிவு வேண்டும் என்பது பழைய விவாதம். மாகிரட் மீட் 1939இல் எழுதிய கட்டுரையில், ஒரு மொழியில் முழுப் புலமை பெறுவது வேறு, அதனை ஆய்வுக்குப் பயன்படுத்துவது வேறு என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே றொபேட் லோவி அதற்கு மறுப்பெழுதினார். அந்நிய மொழியில் உண்மையான ஆற்றல் பெறுவது எத்துணை அரிது என்பதை அவர் வற்புறுத்தினார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், எவ்வளவு தெரியும் என்பதிலும் பார்க்க, எது தெரியவில்லை என்பதை உணர்வதே முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ஒன்றுமே தெரியாதவர் உரைபெயர்ப்பாளரை நம்பியிருப்பார். அரைகுறையாகத் தெரிந்தவருக்கோ, 'தவறு' என்ற சொல் தெரிந்த சொல்லாகவே தோன்றும். அங்கேதான் ஆபத்து.

இத்துறையில் இறங்க விரும்பும் எம் மாணவருக்குச் சிலவற்றைச் சொல்லலாம். வினாக்களை ஒருவர் மொழிபெயர்த்தால், மூலத்தைப் பாராத இன்னொருவர் அதை மீண்டும் முதல் மொழிக்குப் பெயர்க்கட்டும். பொருள் திரிந்த இடம் வெளிப்படும். 'மீள்பெயர்ப்பு' என்னும் இம்முறையை றிச்சட் பிறிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரை நன்கு விளக்கிற்று. விடையைப் பேசியவரின் மொழியிலேயே எழுதுங்கள். விளங்காத சொல்லைப் பேசியவரிடமே கேளுங்கள். உதவியாளர் வாய்திறக்க இடங்கொடுங்கள்.

அன்றுமுதல் எங்கள் குறிப்பேட்டின் இடப்பக்கம் தமிழுக்கும் வலப்பக்கம் ஆங்கிலத்துக்கும் ஆயிற்று. அந்தத் தாயின் படிவத்தில் 'பதில் இல்லை' என்ற சொற்களை ஆய்வாளர் தம் கையாலேயே வெட்டினார். அதற்கு மேலே, அவருக்கேயுரிய கோணல் எழுத்தில், தமிழில் எழுதினார்: அலைச்சத்தம் கேட்டால் பேரன் இப்பவும் குளறுறான்.

இன்றும் விடைவகை கற்பிக்கும் நாளில் மாணவருக்கு இக்கதையைச் சொல்கிறேன். நான் பேசாதிருந்த பகுதியையும் சேர்த்தே சொல்கிறேன்.