கல்வித் தொலைக்காட்சியின் மொழி: அலைவட்டமும் வழக்கெல்லையும்

கல்விக்குத் தொலைக்காட்சி எவ்வளவு பயன்படும் என்னும் வினா இந்தியாவில் பொறியியலாராலும் கல்வியியலாராலும் நெடுங்காலமாக ஆராயப்பெற்று வந்துள்ளது. எத்தனை ஊர்களுக்கு அலை எட்டும், எத்தனை பெட்டிகள் பழுதின்றி இயங்கும், மாணவர் எதை நினைவில் கொள்கின்றனர் என்பன போன்ற செய்திகள் குறித்த எழுத்துகள் மிகுதி. பெட்டியிலிருந்து எழும் மொழி அதன்முன் அமர்ந்திருக்கும் குழந்தையின் மொழிதானா என்னும் வினாவுக்கு அவற்றில் கிடைத்த இடம் சிறிது. இக்கட்டுரை அவ்வினாவை மூன்று நிலைகளில் ஆராய்கிறது: ஒளிபரப்புக்கு மொழியைத் தெரிவு செய்தல், படத்தோடு விளக்கவுரையைப் பொருத்துதல், திரையில் எழுத்தைக் காட்டுதல்.

1. மாநிலமொழியும் வீட்டுமொழியும்

1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழிப் பயிற்றுத் தொலைக்காட்சிச் சோதனை, ‘சைட்’ என்னும் சுருக்கப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது. அமெரிக்க நாசா நிறுவனத்தின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆந்திரப் பிரதேசம், ஒரிசா, கருநாடகம், பீகார், மத்தியப் பிரதேசம், இராசஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் நடந்த ஒளிபரப்பில் காலை ஒன்றரை மணி நேரம் பள்ளிச் சிறார்க்கு உரியது. இந்தி, ஒரியா, கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளுக்கும் அது 22.5 நிமிடம் வீதம் பகுக்கப்பட்டது. ஒரு படத்தோடு இரண்டு ஒலித்தடங்களை அனுப்பும் வசதி இருந்தமையால் ஒரே படத்துக்கு ஒரே நேரத்தில் இரு மொழிகளில் விளக்கம் தரவும் இயன்றது.

ஆறு மாநிலங்களுக்கு நான்கு மொழிகள் என்னும் கணக்கு ஆட்சிமுறை நோக்கில் எளிதாகத் தோன்றும். தெரிவு செய்யப்பட்ட மாவட்டங்களை மொழிப்படத்தில் வைத்துப் பார்த்தால் அந்த எளிமை நீங்கிவிடுகிறது. மத்தியப் பிரதேசத்தில் இராய்ப்பூர், பிலாஸ்பூர், துர்க் ஆகியன தெரிவு செய்யப்பட்டன. இவை சத்தீசுகடி வழங்கும் பகுதிகள். 2000இல் தனி மாநிலமான சத்தீசுகடில் இன்று அடங்குவன. பீகாரில் தர்பங்கா மைதிலிக்கும், சம்பாரணும் சாரணும் போஜ்புரிக்கும் உரியவை. இராசஸ்தானில் செய்ப்பூரில் டூண்டாடியும் கோட்டாவில் ஹாடௌதியும் பேசப்படுகின்றன. இவை அனைத்துக்கும் ‘இந்தி’ என ஒரே ஒலித்தடம் அமைந்தது. சத்தீசுகடிக் குழந்தை பன்மையை ‘மன்’ என்னும் உருபால் உணர்த்துகிறது: ‘லைகா’ சிறுவன், ‘லைகாமன்’ சிறுவர்கள். இந்தி பன்மையைப் பெயரின் ஈற்றுத் திரிபால் காட்டுகிறது. மைதிலி வினை எழுவாயின் மதிப்பு நிலைக்கு மட்டுமன்றிச் செயப்படுபொருளின் மதிப்பு நிலைக்கும் இயைந்து திரியக்கூடியது. இந்தி வினையில் இவ்வியைபு இல்லை, அது பால் வேறுபாட்டைக் காட்டும். 2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் சேரும்வரை மைதிலி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியின் கீழ் வைத்தே எண்ணப்பட்டது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் சத்தீசுகடி அவ்வாறே எண்ணப்பட்டது. கணக்கெடுப்பின் மொழிப்பெயரை வகுப்பறையின் மொழியாகக் கொள்ளும் வழக்கமே ஒளிபரப்பிலும் தொடர்ந்தது எனலாம்.

திராவிட மொழிப் பகுதிகளில் இடைவெளி இத்துணை அகன்றதன்று, எனினும் நுட்பமானது. ஆந்திரப் பிரதேசத்தில் மேதக், மகபூப்நகர் முதலிய மாவட்டங்கள் இடம்பெற்றன. அச்சிலும் ஒலிபரப்பிலும் நிலைபெற்ற பொதுத்தெலுங்கு பெரிதும் கடற்கரை மாவட்டங்களின் கற்றோர் வழக்கை அடியாகக் கொண்டது. அதில் ‘வச்சாடு’ என்பது தெலங்கானாவில் ‘வச்சிண்டு’ என வழங்கும். கருநாடகத்தில் பிஜாப்பூர், குல்பர்கா, இராய்ச்சூர் ஆகியன தெரிவு செய்யப்பட்டன. மைசூர் வழக்கில் ‘மனெ’ (வீடு) எனப்படுவது வடபகுதியில் ‘மனி’ என ஒலிக்கும். இவை தனித்தனியே நோக்கினால் சிறு வேறுபாடுகளே. பாடம் 22.5 நிமிடத்தில் முடிந்துவிடுவது. திரும்பக் கேட்க வழியில்லை. தன் வாய்மொழிக்கும் பெட்டியின் மொழிக்கும் இடையே மனத்துள் பெயர்த்துக்கொள்ள வேண்டிய குழந்தைக்கு ஒவ்வொரு சொல்லும் சிறிது நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்நேரத்தில் படம் கடந்துவிடும். வகுப்பாசிரியர் குழந்தையின் முகக்குறிப்பைக் கண்டு நிறுத்தி மீண்டும் சொல்லலாம். பெட்டிக்கு அது இயலாது.

ஒப்புநோக்கத்தக்க மற்றொரு முயற்சி குசராத்தில் நடந்தது. கேடா மாவட்டத்தின் பிஜ் என்னும் ஊரில் 1975இல் நிறுவப்பட்ட 1 கிலோவாட் ஒளிபரப்பியின் எல்லை ஏறத்தாழ ஒரு மாவட்டம். அதனால் அவ்வட்டாரத்தின் சரோத்தரி வழக்கிலேயே நாடகங்களையும் உரையாடல்களையும் அமைக்க முடிந்தது. 1984இல் யுனெஸ்கோவின் பரிசு பெற்ற திட்டம் இது. கிளைமொழிக்கு இடங்கொடுத்தது அன்புணர்ச்சியால் மட்டும் விளைந்ததன்று. அலைவட்டம் வழக்கெல்லைக்கு அணித்தாக இருந்தமையால் விளைந்தது. செயற்கைக்கோளின் வட்டம் பெரிதாகுந்தோறும் மொழி பொதுமையாக்கப்படுகிறது. கருவியின் அளவு மொழியின் அளவை முடிவு செய்யும் இந்நிலையை மொழித்திட்டம் வகுப்போர் முன்கூட்டியே கருதியிருத்தல் வேண்டும்.

2. படம் முந்துதலும் சொல் பிந்துதலும்

பல்கலைக்கழக நல்கைக் குழுவின் ‘நாடு தழுவிய வகுப்பறை’ 1984 ஆகஸ்டு 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கியது. ஆங்கில விளக்கவுரைக்கு ஏற்பத் தொகுக்கப்பட்ட படத்துக்குத் தமிழுரை எழுதும் மொழிபெயர்ப்பாளர் சந்திக்கும் முதல் இடர் சொல்தொகையைப் பற்றியதன்று, சொல்வரிசையைப் பற்றியது. ஆங்கிலத்தில் பெயர் முன்னும் அதை விரிக்கும் தொடர் பின்னும் வரும். ‘இதயம்’ என்னும் சொல் ஒலிக்கும்போது திரையில் இதயம் தோன்றும். குருதியைச் செலுத்துவதைப் பற்றிய தொடர் ஒலிக்கும்போது குருதி ஓடுவது காட்டப்படும். தமிழில் பெயரெச்சத் தொடர் முன்னும் பெயர் பின்னும் அமையும். ‘உடல் முழுவதும் குருதியைச் செலுத்தும் இதயம் இது’ என்று இலக்கணம் வழுவாது பெயர்த்தால், இதயம் காட்டப்படும்போது செவி குருதியைக் கேட்கிறது. குருதி காட்டப்படும்போது இதயத்தைக் கேட்கிறது. அச்சில் பிழையற்ற வாக்கியம் திரையில் பிழையாகிவிடுகிறது.

தேர்ந்தோர் இதனை இரு வாக்கியங்களாகப் பிரிப்பர்: ‘இது இதயம். உடல் முழுவதும் குருதியை இது செலுத்துகிறது.’ தழுவு தொடர் தனித்தொடராகிறது. நடை சற்றுத் துண்டுபட்டாலும் சுட்டுச்சொல் படத்தோடு ஒட்டி நிற்கிறது. இவ்வாறு எழுதப்பட்ட உரைகளைப் ‘பள்ளிப்பிள்ளை நடை’ என ஏளனம் செய்வோர் உண்டு. அவர்கள் படத்தை மறைத்துவிட்டு உரையை மட்டும் படிப்பவர்கள்.

தன்மைப் பன்மையும் இத்தகையதே. ஆய்வகப் பாடத்தில் ‘குழாயைச் சூடேற்றுகிறோம்’ என்னும் வினைக்கு எழுவாய் யார்? ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லைத் தமிழில் ‘நாம்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ பெயர்த்தாக வேண்டும். தெலுங்கிலும் ‘மனமு’, ‘மேமு’ என்னும் வேறுபாடு உண்டு. இக்காலப் பொதுக்கன்னடத்தில் ‘நாவு’ ஒன்றே இரண்டுக்கும் பொது. எனவே ஒரே படத்துக்கு இரு ஒலித்தடம் எழுதினால் கன்னட உரையாசிரியருக்கு எழாத ஐயம் தெலுங்கு உரையாசிரியருக்கு எழும். ‘நாம்’ என்றால் கையில் குழாயும் விளக்கும் இல்லாத சிற்றூர்க் குழந்தை செய்யாத ஒன்றைச் செய்ததாகக் கூறப்படுகிறது. ‘நாங்கள்’ என்றால் அக்குழந்தை வெறும் பார்வையாளராகிவிடுகிறது. செய்துகாட்டும் பகுதிக்கு ‘நாங்கள்’ என்பதையும், முடிவு காணும் பகுதிக்கு ‘நாம்’ என்பதையும் ஆளுதல் பொருத்தமாகும்: கருவி அவர்களுடையது, முடிவு எல்லார்க்கும் உரியது.

3. ஒலியும் எழுத்தும்

திரையில் பேசப்படும் மொழியிலேயே துணைவரிகளை இடும் முறையை எழுத்தறிவுக்குப் பயன்படுத்தும் கருத்தை 1996 முதல் வளர்த்தவர் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி. 1999இல் குசராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியில் இது தொடங்கப்பட்டது. பின்னர் இந்திப் பாடல் நிகழ்ச்சிகளுக்கும் விரிந்தது. அரைகுறையாகப் படிக்கத் தெரிந்தவர் தமக்குத் தெரிந்த பாட்டின் சொல்லை எழுத்தோடு பொருத்திக் காண்கிறார். படிக்கிறோம் என்னும் முயற்சியுணர்வு இன்றியே பயிற்சி நிகழ்கிறது.

இம்முறையைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளல் இயலாது. பாடல்களில் இடர்ப்பாடு குறைவு. அவற்றின் மொழி பெரும்பாலும் எழுத்துவழக்கை ஒட்டியது. நாட்டுப்புற மெட்டில் அமைந்த பாடல்கள் மட்டும் விலக்காகும். உரையாடலிலோ ‘வந்தாங்க’ என ஒலிக்கிறது, ‘வந்தார்கள்’ என எழுதுகிறோம். ஒலித்தபடியே எழுதினால் பேச்சுவழக்குக்கு நிலைபெற்ற எழுத்துமுறை இல்லை. கதாசிரியர் தோறும் அது வேறுபடுகிறது. எழுத்துவழக்கில் காட்டினால் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள இணைப்பைத் தேடும் தொடக்கநிலைக் கற்பவர் ‘ர்கள்’ என்பதை எந்த ஒலியோடு பொருத்துவது எனத் தடுமாறுவார். எழுத்துவழக்கிலேயே பேசினால் இத்தடை நீங்கும். உரையாடலின் உயிர்ப்பும் உடன் நீங்கும்.

தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பட்டது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது வீட்டிலிருந்த மாணவர்க்கு அதன் பாடங்கள் வகுப்பறைக்கு மாற்றாக நின்றன. பாடநூல் எழுத்துவழக்கில் அமைந்தது. ஆசிரியரின் விளக்கம் இயல்பாகவே பேச்சுவழக்கை நோக்கிச் செல்வது. இத்தகைய பாடங்களுக்குத் துணைவரி இட முனைவோர் முழு உரைக்கும் வரியிடத் தேவையில்லை. வரையறை, விதி, கலைச்சொல், வாய்விட்டுப் படிக்கப்படும் பாடநூற்பகுதி ஆகியவற்றில் ஒலியும் எழுத்தும் ஒன்றாதலின் அங்கே வரி இடலாம். விளக்கமும் எடுத்துக்காட்டும் பேச்சுவழக்கில் வரியின்றிச் செல்லலாம். எந்த இடத்தில் வழக்கு மாறுகிறது என்பதைப் பாடஎழுத்துப்படியிலேயே குறித்தல் வேண்டும். அக்குறியை இடும் பொறுப்பைப் படத்தொகுப்பாளரிடம் விடாது, உரையை எழுதுவோரிடமே ஒப்படைத்தல் தகும்.