காதுக்கு எட்டாத கூச்சல்

புதிய பூச்சி இனம் ஒன்றை உலகுக்கு அறிவிக்கும் வேலை பெரும்பாலும் செத்த உடலை வைத்தே நடக்கிறது. ஊசியில் குத்திய மாதிரியைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காலின் நீளம், சிறகு நரம்புகள், ஆணின் வால்முனை அமைப்பு என ஒவ்வொன்றாக அளந்து எழுத வேண்டும். மாதிரியை ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தால் ஏறக்குறைய முடிந்தது. கேட்டிடிட்களுக்கு இது போதாது. உடலைவிட நீண்ட உணர்கொம்புகள் கொண்ட, இரவில் பாடும் வெட்டுக்கிளி உறவினங்கள் இவை. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு இனங்கள் பாட்டில் வேறாக இருக்கும். ஆணின் பாட்டைக் கேட்டுத்தான் பெண் தன் இனத்தானை அடையாளம் காண்கிறது. அதன் காது இருப்பது முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே.

அந்தப் பாட்டு மனிதக் காதில் விழவே விழாது என்றால்?

கொலம்பியா, ஈக்குவடார் நாடுகளின் மழைக்காடுகளிலிருந்து கிடைத்த சிறிய, வேட்டையாடும் கேட்டிடிட்கள் சிலவற்றில் ஆய்வாளர்கள் சந்தித்த சிக்கல் இதுதான். பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ மொண்டேயலெக்ரேயும் அவருடைய குழுவினரும் 2014இல் இவற்றைப் புதிய பேரினமாக அறிவித்தார்கள். பேரினத்தின் பெயர் சூப்பர்சோனஸ். அதில் மூன்று இனங்கள். நம் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். சாதாரண ஒலிப்பதிவுக் கருவிகளும் அந்த எல்லையை ஒட்டியே செய்யப்பட்டவை. பெரும்பாலான கேட்டிடிட்கள் 5 முதல் 30 கிலோஹெர்ட்ஸுக்குள் பாடுகின்றன. இந்த மூன்று இனங்களின் ஆண்கள் பாடுவதோ 115, 125, 150 கிலோஹெர்ட்ஸில். அதுவரை பதிவான பூச்சிப் பாட்டுகளில் இவ்வளவு உச்சத்தில் எதுவும் இல்லை.

முணுமுணுப்பாகவும் பாடுவதில்லை. 15 சென்டிமீட்டர் தொலைவில் அளந்தபோது ஒலியளவு 110 டெசிபலைத் தாண்டியது. ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கியின் வாயருகே நிற்பதற்குச் சமமான சத்தம். பக்கத்தில் நிற்பவருக்குக் காடு அமைதியாகவே இருக்கும்.

இவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி. பொதுவாகக் கேட்டிடிட்டின் இடது சிறகின் அடியில் அரம்போன்ற பல்வரிசை உண்டு. வலது சிறகின் விளிம்பு அதன்மேல் உராயும்போது ஒலி பிறக்கிறது. சூப்பர்சோனஸ் ஆண்களின் முன்சிறகுகள் பறக்க உதவாத அளவுக்குச் சுருங்கி, அரை சதுர மில்லிமீட்டருக்கும் குறைவான பரப்போடு நின்றுவிட்டன. வீணாகச் சுருங்கவில்லை. 150 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் 2.3 மில்லிமீட்டர்தான், அதை எழுப்பச் சிறிய தகடே தோது. அதிலும் ஒலியை வெளியே அனுப்புவது வலது சிறகு மட்டும். இடது சிறகின் வேலை உராய்வதோடு சரி. குழிந்த வலது சிறகு பூச்சியின் முதுகோடு சேர்ந்து ஒரு சின்ன அறையை உண்டாக்குகிறது. அந்த அறை குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து ஒலியைப் பெருக்கிவிடுகிறது. குத்திவைத்த உடலை மட்டும் பார்த்தால் சிறகு தேய்ந்துபோன பூச்சி என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்போம்.

எதற்காக இவ்வளவு உச்சம்? அதிர்வெண் ஏற ஏறக் காற்று ஒலியை விழுங்கிவிடும். இந்தப் பாட்டு சில மீட்டர்களைத் தாண்டினாலே நலிந்துவிடுகிறது. துணை தேடுபவனுக்கு அது நட்டம்தான். ஆனால் பாட்டைக் கேட்டு வருவது துணை மட்டுமல்ல. இலைமேல் உட்கார்ந்து பாடும் பூச்சியை அதன் குரலை வைத்தே கண்டுபிடித்துக் கவ்வும் வௌவால்கள் இந்தக் காடுகளில் உண்டு. ஜாக்குலின் பெல்வுட்டும் கிளென் மோரிஸும் பனாமாவில் செய்த ஆய்வை 1987இல் வெளியிட்டார்கள். அங்குள்ள காட்டுக் கேட்டிடிட்கள் வௌவால் பயத்தால் மிக அரிதாகவே பாடுகின்றன; பல இனங்கள் செடித்தண்டை உடலால் குலுக்கி, அதிர்வாகச் சேதி அனுப்புகின்றன. அதே மோரிஸ்தான் 2014 ஆய்விலும் ஒரு கூட்டாளி. மனிதக் காதுக்கு எட்டாத மீயொலி வௌவால்களுக்குக் கேட்கும் என்பதால் சூப்பர்சோனஸ் முழுதாகத் தப்பிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தூரத்து வௌவாலுக்கு எட்டாமல் பக்கத்துப் பெண்ணுக்கு மட்டும் எட்டும் குரல் என்பது நியாயமான ஊகம், இப்போதைக்கு ஊகம்தான்.

வௌவால் ஆய்வே பூச்சிகளுக்குக் கடன்பட்டது என்பது வேடிக்கை. ஹார்வர்ட் இயற்பியலாளர் ஜி. டபிள்யூ. பியர்ஸ் பூச்சிகளின் மீயொலியைக் கேட்கக் கருவி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். மாணவர் டொனால்ட் கிரிஃபின் 1938இல் அதன்முன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் அவை மீயொலி எழுப்புவதே தெரியவந்தது.

சூப்பர்சோனஸ் அறிவிப்புக்கு நேரெதிரான கதை போர்னியோவின் சபா மாநிலத்தில் நடந்தது. அங்கே டானம் பள்ளத்தாக்கில் எடுத்த புகைப்படங்களில் ஓர் இலைக் கேட்டிடிட். பெண் இளஞ்சிவப்பு, ஆண் பச்சை. பூச்சியைப் பிடித்துவர அனுமதி இல்லை. 2016இல் படங்களை மட்டும் வைத்தே அதை யூலோஃபோஃபில்லம் கிர்கி என்ற புதிய இனமாக அறிவித்தார்கள். காட்டிலிருந்து ஒரு பூச்சியைக்கூடக் கொல்லாமல் பெயரிட்டது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் படத்தில் உணர்கொம்பு தெரியும், நிறம் தெரியும், சிறகு நரம்பும் தெரியும். ஆண் என்ன பாடுகிறான் என்பது தெரியாது. கேட்டிடிட்டைப் பொறுத்தவரை அது பாதி விவரிப்புதான்.