மண்ணும் நிழலும் கேட்டுப் பெறுவோம்

பள்ளியானாலும் அடுக்குமாடிக் குடியிருப்பானாலும், குழந்தைகள் விளையாடும் இடத்தில் மண்ணை மூடிச் சிமென்ட் கல்லோ ரப்பர் தரையோ பதிப்பதையே மேம்பாடு என்கிறோம். துணி அழுக்காகாது, கூட்டுவதும் எளிது. ஆனால் மண்ணோடு சேர்ந்து போவது என்ன? பின்லாந்தில் 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், மழலையர் காப்பகங்களின் சரளைக்கல் முற்றங்களில் காட்டு மண்ணையும் வேரோடு பெயர்த்த புல்தரையையும் பரப்பினார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் அதில் விளையாடிய 28 நாட்களில், அவர்களின் தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் பெருகின. நோய் எதிர்ப்பு அமைப்பைக் கட்டுக்குள் வைக்கும் தன்மையும் இரத்தத்தில் கூடியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் திசையைக் காட்டுகிறது. சீனாவின் குவாங்சோவில், பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருந்த பிள்ளைகளில் மூன்றாண்டுகளில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதத்தினருக்கு. அங்கே பலன் தந்தது பகல் வெளிச்சம், மரமல்ல என்று சொல்லலாம். சரிதான். ஆனால் நம் ஊர் வெயிலில், வேம்போ புங்கையோ நிழல் தராத முற்றத்தில் எந்தக் குழந்தை 40 நிமிடம் நிற்கும்?

மண்ணில் கொக்கிப்புழு, புதரில் பாம்பு என்ற பெற்றோரின் அச்சம் வீண் அச்சமல்ல. அதற்கு மருந்து பராமரிப்பு: நாய் நுழையாத வேலி, இரவில் மூடிவைக்கும் மணல்தொட்டி, தேங்காத தண்ணீர், அருகிலேயே கைகழுவும் குழாய். அரளியும் ஊமத்தையும் அங்கே வேண்டாம். சுட்டெரிக்கும் ரப்பர் தரையும் இரும்புச் சறுக்குமரமும் ஆபத்துதான். அவை பழகிப்போனதால் நம் கண்ணில் படுவதில்லை.

சட்டம் ஏற்கெனவே இடத்தைத் தந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாகத் தானப்பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். பதிலுக்குப் பணம் கட்டித் தப்ப முடியாது. அந்த நிலம் எங்கே என்று தெரியாதவர்கள் ஒப்புதல் வரைபடத்தையும் தானப்பத்திரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கில், அவர்களுக்கு வழக்குத் தொடர உரிமை உண்டு என்று 1991இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் இந்த விதிகள் இடம் வேண்டும் என்று சொல்லுமே தவிர, தரை மண்ணா கல்லா என்று சொல்வதில்லை. ஆகவே பூங்காவின் மதிப்பீடு தயாராகும்போதே, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன், நிழல்மரமும் மண்தரையும் வேண்டுமென்று கிராமசபையிலோ பகுதிசபையிலோ தீர்மானம் போடச் சொல்ல வேண்டும்.