பட்டியலில் விடுபட்ட எண்

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு ரொம்பப் பிடித்த எண் இதுதான். 1729-ஐச் சொல்வேன் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். கணித மேதை ராமானுஜனையும் அந்த டாக்சி எண்ணையும் பற்றிய கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இதுவும் ராமானுஜன் சம்பந்தப்பட்டதே. கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, காரணிகள் மிகுந்த எண்களைப் பற்றியது. 12-ஐப் பாருங்கள்: 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 24, 36, 48, 60 எல்லாம் இதே சாதி. தமக்குக் கீழே உள்ள அத்தனை எண்களையும் காரணிகளில் மிஞ்சுபவை. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டார் ராமானுஜன். கடைசி எண் 6746328388800.

ஒவ்வோர் எண்ணாகச் சோதித்துக்கொண்டு போனால் ஆயுள் போதாது. எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். 18 என்பது 2×3×3. 12 என்பது 2×2×3. இரண்டுக்கும் ஆறு காரணிகள்தான். ஆனால் 12 சிறியது. ஆகவே சின்னப் பகா எண்ணைவிடப் பெரியது அதிக முறை வந்தால், இரண்டையும் இடம் மாற்றி, காரணி குறையாமலே எண்ணைச் சிறிதாக்கிவிடலாம். 2-க்குத்தான் முதல் பந்தி. 3-க்கு அதற்கு மேல் கிடைக்காது, 5-க்கு 3-ஐவிட அதிகம் கிடைக்காது. கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்றும் அவர் நிறுவினார். 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு.

நம் எண்ணுக்கு வருவோம். அதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. எத்தனை முறை என்பதோடு ஒன்றைக் கூட்டி எல்லாவற்றையும் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2. விடை 5040 காரணிகள்!

இத்தனை லட்சணம் இருந்தும் ராமானுஜன் பட்டியலில் இது இல்லை. எப்படியோ கண்ணில் படாமல் போயிருக்கிறது. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணினியா இருந்தது அப்போது? வேடிக்கை வேறிடத்தில் இருக்கிறது. இதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும். 23 புதிய பகா எண் என்பதால் காரணிகளும் இரட்டித்து 10080 ஆகின்றன.

அந்த 5040-ஐயும் விட்டுவிடாதீர்கள். அதுவும் காரணி மிகுந்த எண்தான். அதற்கு 60 காரணிகள். 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. நான்குக்கு மூன்று, மூன்றுக்கு இரண்டு. இரண்டுக்கும் இரண்டே. அதற்குக் கீழே இறங்க வழியில்லை.