மரபணுவை அடக்கும் மருந்து: கையெழுத்துப் போடும் முன்

2021 மார்ச்சில் ரோஷ் நிறுவனம் டோமினெர்சன் என்ற மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையில் மருந்து செலுத்துவதைப் பாதியிலேயே நிறுத்தியது. ஹன்டிங்டன் நோய்க்கான மருந்து அது. பெற்றோரில் ஒருவருக்கு அந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வர ஐம்பது சதவீதம் வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் நடுவயதில் தொடங்கி, நடையையும் நினைவையும் சேர்த்தே பறிக்கும். சோதனையில் சேர்ந்த சுமார் 790 பேரும் முதுகுத்தண்டில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். கடைசியில் தெரிந்தது இதுதான்: எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து பெற்றவர்கள், மருந்தில்லாத வெறும் திரவம் பெற்றவர்களைவிட மோசமாக இருந்தார்கள்.

இத்தனைக்கும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் நோய்க்குக் காரணமான புரதத்தை அந்த மருந்து குறைக்கும் என்று முந்தைய சோதனை காட்டியிருந்தது. புரதம் குறைந்தாலே நோயாளி தேறிவிடுவார் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்வகை மருந்துகளுக்கு ஆன்டிசென்ஸ் ஒலிகோநியூக்ளியோடைடு என்று பெயர். மரபணுவின் கட்டளையைப் புரதம் தயாராகும் இடத்துக்குக் கொண்டுபோவது ஆர்என்ஏ. சுமார் இருபது எழுத்து நீளமுள்ள செயற்கை இழை ஒன்று அந்த ஆர்என்ஏவில் தனக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சில இழைகள் ஆர்என்ஏவை வெட்ட வைக்கும். சில, பழுதான பகுதியைத் தாண்டிப் படிக்க வைக்கும். டோமினெர்சன் முதல் வகை. பழுதான மரபணுவிலிருந்து வந்த ஆர்என்ஏ எது, நல்லது எது என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்பது ஆய்வாளர்களின் அடுத்த கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. டூஷேன் தசைச் சிதைவு நோய்க்கு 2016இல் அமெரிக்கா அனுமதித்த எடெப்லிர்சன், மரபணுவின் 51ஆம் பகுதியை மட்டுமே தாண்ட வைக்கும். நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேருக்குத்தான் பொருந்தும். (அதே மருந்தை 2018இல் ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு ஏற்க மறுத்தது.) பல பகுதிகளைத் தாண்ட வேண்டுமானால் பல இழைகள் தேவை. 2009இல் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் மூன்று இழைகளைக் கலந்து நோயுள்ள நாய்களுக்குக் கொடுத்தபோது தசைகளின் செயல்பாடு மேம்பட்டது. நாய்க்குப் பலித்ததை மனிதருக்குப் பலித்ததாக யாராவது பேசினால், அங்கேயே காது கூர்மையாக வேண்டும்.

ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி ஆபத்து உண்டு. இனோடெர்சன் என்ற இவ்வகை மருந்துக்கு, ரத்தத் தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையலாம், சிறுநீரகம் அழற்சியடையலாம் என்ற கடும் எச்சரிக்கை உண்டு. இரண்டைச் சேர்த்துக் கொடுத்த பின் சிறுநீரகம் கெட்டால், குற்றவாளி எந்த இழை என்று மருத்துவரே திணறுவார்.

இந்தியச் சட்டத்தைப் பொறுத்தவரை அந்தத் திணறல் நோயாளியின் தலையில் விழ வேண்டியதில்லை. புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகள், 2019 இதில் தாராளமாகவே பேசுகிறது. சோதனை மருந்தால் வந்த பாதிப்புக்கு மட்டுமல்ல, சோதனைத் திட்டப்படி கூடவே கொடுக்கப்பட்ட துணை மருந்தாலோ சோதனைக்காகச் செய்த ஊசி போன்ற நடைமுறையாலோ வந்த பாதிப்புக்கும் இழப்பீடு உண்டு. விதிமீறல், அலட்சியம், கருவிலிருக்கும் குழந்தைக்கு நேரும் தீங்கு ஆகியவையும் பட்டியலில் உள்ளன. சிகிச்சைச் செலவு சோதனையை நடத்துவோருடையது. இறப்பு நேர்ந்தால் இழப்பீடு வாரிசுக்குப் போகும். கடுமையான பாதிப்பு எதுவானாலும் ஆய்வை நடத்தும் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் நெறிமுறைக் குழுவுக்கும் மத்திய மருந்து உரிமம் வழங்கும் அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும்.

இன்னொன்று: தனித்தனியே அனுமதி பெற்ற இரண்டு மருந்துகளை நிர்ணயித்த விகிதத்தில் முதன்முறையாக ஒன்றாக்கினால், அந்தக் கலவையும் சட்டத்தின் கண்ணில் புது மருந்துதான். 'இரண்டுக்குமே ஒப்புதல் இருக்கிறதே' என்பது பதிலாகாது.

சோதனையில் சேரும் முன் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் குடும்பத்துக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேட்க யாரும் தயங்க வேண்டாம். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் வீட்டுக்கு வர வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்க முடியாது. சோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறை. 'சோதனையில் சேர முன்பணம்' என்று யாராவது கேட்டால் அது மோசடிக்கான அறிகுறி. உண்மையான சோதனை இந்திய மருந்துச் சோதனைப் பதிவேடான சிடிஆர்ஐயில் இருக்கும். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பணம் கேட்டவர் சொல்லும் பதிவு எண்ணை அங்கே தேடினாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

மருந்து பலன் தந்து, வேறு வழியும் இல்லாவிட்டால், மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஏற்றால் சோதனை முடிந்த பிறகும் அதை இலவசமாகப் பெற விதியில் இடமுண்டு. இதைப் படிவத்திலேயே எழுதித் தரும்படி சேரும் முன்பே கேட்பது நல்லது. சேர்ந்த பின் பேரம் பேசும் பலம் குறைந்துவிடும்.

இவ்வகையில் ஏற்கெனவே விற்பனையில் உள்ள மருந்துகளுக்குப் பிரச்சினை விலைதான். முதுகுத்தண்டுத் தசைநார் நலிவு நோய்க்கான நுசினெர்சன் அமெரிக்காவில் அறிமுகமானபோது முதல் ஆண்டுச் செலவு ஏழரை லட்சம் டாலர். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கைப்படி, நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கலாம். அது முழுச் செலவுக்குப் போதாது, ஆனால் பதிவு செய்யாமல் எதுவும் நகராது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அதற்கான சிறப்பு மையங்களில் ஒன்று. ஊசிக்குப் பின் பக்கவிளைவு தோன்றினால் நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகத் தெரிவிக்க, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 180 3024.