ஆசான் பஸ்தீன்யா



இருவர் பொருதும்போது எப்போது தொடங்குவது, எவ்வளவு விரைவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் ஓர் இசைக்கருவி கட்டளையிடுமானால் அது விந்தையன்றோ? பிரேசில் நாட்டில் வழங்கும் கப்போய்ரா என்னும் கலை அத்தகையது. அதைக் கற்பித்த பஸ்தீன்யா என்னும் ஆசானைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் வளர்த்த கலை இது. பிரேசிலில் அடிமைமுறை 1888-இல் ஒழிந்தது. ஆனால், 1890-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் தெருவில் கப்போய்ரா ஆடுவதைக் குற்றமாக்கிற்று. மக்களுக்கு விடுதலை வந்தது. அவர்கள் கலைக்கு வரவில்லை.

பஸ்தீன்யா 1889-இல் சால்வடோர் நகரில் பிறந்தவர். சிறுவயதில் தம்மைவிட வலிய சிறுவன் ஒருவனிடம் அடிக்கடி அடிபட்டார். அதைக் கண்ட பெனெதித்தோ என்னும் ஆப்பிரிக்க முதியவர் அவரை அழைத்து இக்கலையைக் கற்பித்தார். பிற்காலத்தில் பஸ்தீன்யாவே கூறிய செய்தி இது. 1940-இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தில் பழைய தடை இடம்பெறவில்லை. 1941-இல் அவர் தம் பயிற்சிக்கூடத்தை நிறுவினார். 1955-இல் அது பெலோரீன்யோ என்னும் சதுக்கத்திற்கு மாறிற்று. அப்பெயரின் பொருள் யாது தெரியுமா? அடிமைகளைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்த கம்பம் என்பதே.

இனி, அங்கே அவர் கற்பித்த முறையைப் பார்ப்போம். ஆடுவோரும் பாடுவோரும் வட்டமாகச் சூழ்ந்திருப்பர். இசைக்கு முதன்மையானது பெரிம்பாவ் என்னும் கருவி. அது எஃகுக் கம்பி பூட்டிய வில். அடியில் ஒரு காய்ந்த குடுக்கை கட்டப்பட்டிருக்கும். மெல்லிய குச்சியால் கம்பியைத் தட்டி, கல்லையோ நாணயத்தையோ அதன்மேல் அழுத்த, சுருதி மாறும். குச்சி பிடித்த கையிலேயே சிறு கிலுகிலுப்பையும் ஒலிக்கும். இத்தகைய மூன்று விற்களோடு முழவும் கஞ்சிராவை ஒத்த கருவியும் சேரும். இருவர் வில்லின் முன் குந்தி வணங்கிப் பிறகே ஆடத் தொடங்குவர். தாளம் தாழ்ந்தால் ஆட்டம் நிலத்தோடு தவழும். விரைந்தால் கால்கள் சுழலும். தலைமை வில் அழைத்தால் இருவரும் உடனே திரும்பிவர வேண்டும். உதையை மேனியில் படாமல் நிறுத்திக் காட்டுபவனே தேர்ந்தவன். ஆதலால் மாணவன் ஆட்டத்தோடு கருவியையும் பாட்டையும் கற்றாக வேண்டும்.

வகுப்பறையில் அமைதி வேண்டிப் பிரம்பை ஓங்கிய நாள்கள் என் பணிக்காலத்தில் உண்டு. சவுக்குக் கம்பத்தின் பெயர் தாங்கிய இடத்தில் ஒருவர் தாளத்தால் ஒழுங்கை ஊட்டினார் என்று அறிந்தபோது நான் நாணினேன்.

1966-இல் டக்கார் நகரில் நடந்த கறுப்பினக் கலைவிழாவில் பஸ்தீன்யா கலந்துகொண்டார். ஆயினும் முதுமையில் பார்வை இழந்தார். 1970-களின் தொடக்கத்தில், பழுதுபார்க்க வேண்டுமென்று பயிற்சிக்கூடம் அவரிடமிருந்து வாங்கப்பட்டது, மீண்டும் கிடைக்கவேயில்லை. 1981-இல் வறுமையில் மறைந்தார். அவர் மாணவர்களான ஜுவாவ் கிராந்தே, ஜுவாவ் பெக்கேனோ இருவரும் கலையைத் தொடர்ந்து கற்பித்தனர். 2014-இல் யுனெஸ்கோ கப்போய்ரா வட்டத்தை மானிட மரபுச் செல்வமாக ஏற்றது. அப்பெருமையைக் காண ஆசான் இல்லை.

மாணவர்களே, உங்களுக்குக் கற்பித்த முதியவர் எவரேனும் அருகில் வாழ்வாராயின், இந்த வாரமே அவரைச் சென்று காணுங்கள்.