பாட்டி தந்த ஒரு வெள்ளி

பாட்டி தந்த ஒரு வெள்ளி நாணயம் கறுத்துப் போயிருந்தது. அப்போது எனக்குப் பதினாறு வயது. புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். பளபளத்தது. பெருமையாக இருந்தது.

சென்ற விடுமுறையில் பினாங்கில் ஒரு நாணயக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “கழுவியாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

அது 1904ஆம் ஆண்டின் நீரிணைக் குடியேற்ற நாணயம். ஒரு பக்கம் ஏழாம் எட்வர்டு மன்னர். மறுபக்கம் சீன, ஜாவி எழுத்துகள். அச்சடித்தது பம்பாய் நாணயச்சாலை. 26.95 கிராம் எடையில் 90 விழுக்காடு வெள்ளி. (ரிங்கிட்டை நாம் இன்றும் ‘வெள்ளி’ என்பது சும்மா இல்லை!) வெள்ளி விலை ஏறியதால் 1907இல் எடையை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். பழையவற்றைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள்.

தப்பியவற்றின் தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பிடுகிறார்கள். புழங்காத நாணயங்களுக்கே 60ம் அதற்கு மேலும். அச்சு அழுத்தும்போது உலோகம் நகர்ந்து நுண்ணிய வரிகள் உண்டாகும். நல்ல நாணயத்தைச் சாய்த்தால் அந்த வரிகளில் வெளிச்சம் சக்கரம்போல் சுழலும். கறுப்போ, காற்றிலுள்ள கந்தகத்தால் வந்த மெல்லிய படலம்தான். நான் படலத்தோடு வரிகளையும் தேய்த்துவிட்டேன். கடைக்காரர் பக்கத்தில் வைத்துக் காட்டிய கறுத்த நாணயம் சாய்த்தபோது மின்னியது. என்னுடையது கரண்டிபோல வெறுமனே பளபளத்தது.

பாட்டியிடம் சொன்னேன். “நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருக்கிறது. அதை நான் தொடுவதில்லை.